வெயிலுமுத்து வித்துவானின் முடியாத ஆட்டம்

கிட்ட வந்து உட்காருங்க. அந்தா, கதவோரம் நிற்கிறவங்களும்தான். இந்தக் கதையைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது, நடந்தது ஒரு நூலகத்தில். அன்றைக்கு அங்கே பேசினவர்கள் எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள், புளுகினவர் உட்பட.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். ரெண்டு ஃபேன். ஒன்று பீரோவுக்கு மேலே தொங்கி, பீரோவுக்குப் புழுங்காமல் பார்த்துக்கொண்டது. இன்னொன்று ஜன்னலோரத்து மேஜைக்கு நேர் மேலே. சித்திரை வெயிலில் அதற்கு அடியில் இடம் கிடைத்தால், குற்றாலம் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த மாதிரி.

அந்த இடத்தைப் பதினோரு வருஷமாகக் கோமதிநாயகம் விடாமல் வைத்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்து வேலையை விட்டு நின்றவர். வீட்டுக்குத் தகரக் கூரை. மத்தியானம் உள்ளே இருந்தால் உச்சந்தலையில் அப்பளம் பொரித்து எடுக்கலாம். அதுகூடப் பரவாயில்லை. அவர் வாயைத் திறந்தால் சம்சாரம் பேச்சியம்மாள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவாள். ஆக, காற்றுக்கும் பேச்சுக்கும் அந்த மேஜையை விட்டால் அவருக்கு வேறு கதி கிடையாது.

நூலகத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒருவர் ஓர் இருக்கையில் அரை மணி நேரம்தான் இருக்கலாம், ஆராய்ச்சியாளர்களுக்கு நேர வரம்பு இல்லை என்று போட்டிருக்கும். இதைப் படித்த நிமிஷத்தில் கோமதிநாயகம் ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். பழைய நூலகர், என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் அலமாரியில் தூசியும் தும்புமாக ஒரு செஸ் போர்டு கிடந்தது. சதுரங்கம் என்றார் இவர். எந்தக் காலத்துச் சதுரங்கம்? எதிரே இருந்த தடிப் புத்தகத்தின் முதுகில் கண்ணை ஓட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றார். போர்டை விரித்து, காய்களை எங்கெங்கே வைத்தால் பார்வைக்கு லட்சணமாக இருக்குமோ அங்கங்கே வைத்தார். அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் ஜெபராணி என்று புது நூலகர் வந்தாள். நாசரேத் பக்கத்துப் பிள்ளை. முப்பத்தைந்து வயசு இருக்கும். குனிந்த தலை நிமிராமல் பதிவேடு எழுதுவாள், காது மட்டும் எல்லார் பக்கமும் இருக்கும். வந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலையில், கோமதிநாயகத்திடம் வந்து நின்றாள். திங்கட்கிழமையிலிருந்து ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் செஸ் கற்றுக்கொள்ள வருகிறார்கள், பெரிய மேஜை இது ஒன்றுதான் இருக்கிறது என்று தணிவாகச் சொன்னாள்.

"போர்டும் வேணும், மேஜையும் வேணும் அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்கு ஃபேன் நின்றுபோன மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தார். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

இது யாருடைய ஆட்டம் தெரியுமா என்று ஆரம்பித்தார். சதுரங்கம் வெயிலுமுத்து வித்துவான். ஒரு ஜமீனில் ஆடிக்கொண்டிருந்தவர். அவர் ஆடின நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டமும் பனையோலையில் எழுதி, இடிந்துபோன குதிரை லாயத்தில் கிடந்ததாம். இவர்தான் கண்டெடுத்தாராம்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பீர்முகமது பாய் தலையைத் தூக்கினார். ரயில்வே கேட் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரெண்டு ரயிலுக்கு நடுவே ஸ்டேஷன் மாஸ்டரோடு இருபது வருஷம் செஸ் ஆடின கை அவருடையது. அந்த ஓலையெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டார். படித்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன், அடுத்தவன் பொருள் நமக்கெதுக்கு என்றார் கோமதிநாயகம்.

பாய் பேப்பரை மடித்துவிட்டார். இனி பேப்பரில் என்ன இருக்கிறது?

ஆராய்ச்சி என்றால் லேசில்லை என்றார் இவர். ஒரு ஆட்டத்தில் வித்துவான் ஒரே ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளியிருக்கிறார். எதற்குத் தள்ளினார்? அந்த ஒரு கட்டத்தைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் பிடித்ததாம். பழைய பஞ்சாங்கம் பார்த்து, அன்றைக்குச் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது, ஜமீன் மாளிகையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டால், விஷயம் புரிந்துவிட்டதாம். ராஜா முகத்தில் வெயில் அடித்திருக்கிறது. சிப்பாயை நிழலுக்கு நிறுத்தியிருக்கிறார்.

நாலு பக்கத்திலிருந்தும் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஜெபராணி மட்டும் தன் மேஜைக்குப் போய்ப் பதிவேட்டை எழுத ஆரம்பித்தாள்.

இன்னொரு ஆட்டத்தில் வித்துவானுடைய குதிரை நேராக ஏழு கட்டம் ஓடியிருக்கிறதாம். இதைக் கேட்டதும் பாயால் பொறுக்க முடியவில்லை.

"என்ன வே, குதிரை ஏழு கட்டமா தாண்டும்? அதுவும் நேரா?"

"அது அந்தக் காலத்துக் குதிரை பாய். இப்ப உள்ள குதிரைக்கு அந்தப் புல்லு எங்க கிடைக்கு?"

ஜெபராணியின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது.

கோமதிநாயகம் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு சொல்லியும் அந்தப் பெண் மேஜையைப் பற்றி மனசு மாறின மாதிரி தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

ஒருநாள் ஒரு ஆட்டத்தை ஆராய்ந்துகொண்டே போனாராம். அடுத்து இது நகர்ந்தால் அது நகரும், அது நகர்ந்தால் இது நகரும் என்று மனசாலேயே அறுபது நகர்த்தல் தாண்டிப் போய்விட்டாராம். திரும்பி வர வழி தெரியவில்லை. ரெண்டு நாள் உள்ளேயே அலைந்திருக்கிறார். அறுபத்தோராவது நகர்த்தலில் பார்த்தால், வெயிலுமுத்து வித்துவானே ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறாராம். இவ்வளவு தூரம் ஒருத்தனும் வந்தது இல்லையப்பா, களைத்துப் போயிருக்கிறாய் என்று ஒரு செம்பு மோர் கொடுத்தாராம். மோரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். அப்புறம் பேச்சியம்மாள் வந்து மிக்ஸியைப் போட்ட பிறகுதான், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாராம்.

மிக்ஸி விஷயம் ஊருக்கே தெரியும். அதனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

இப்போது கோமதிநாயகம் போர்டு பக்கம் கையை நீட்டினார். இதுதான் வித்துவானுடைய கடைசி ஆட்டம். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் நடந்தது. வித்துவான் ஒரு காயை நகர்த்தியதும், எதிராளி யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன் திரும்பவே இல்லையாம். வித்துவான் சாகும்போது சத்தியம் வாங்கியிருக்கிறார். எதிராளி பக்கத்து ஆள் வந்து நகர்த்துகிற வரைக்கும் யாரும் ஆட்டத்தைக் கலைக்கக் கூடாது. கலைத்தால் தாலுகாவில் ஏழு வருஷம் மழை கிடையாது.

இது பிளாஸ்டிக் போர்டல்லவா என்றார் பாய். போர்டுதான் பிளாஸ்டிக், ஆட்டம் ஓலையிலிருந்து இறக்கினது என்றார் இவர். எதிராளி யார் என்று கேட்டதற்கு, அந்தப் பேரை மட்டும் கரையான் தின்றுவிட்டது, பாளையங்கோட்டைக்குத் தெற்கே என்கிற வரைக்கும்தான் மிச்சம் என்றார். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கரையானிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள்?

ஜெபராணி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கரையான் தின்ன பேரு எங்க பூட்டன் பேரு, அண்ணாச்சி."

கோமதிநாயகம் சாய்ந்த முதுகை நிமிர்த்தினார்.

பூட்டன் வீட்டுக்கு வந்து சாகிற வரைக்கும் யோசித்தாராம். முடியவில்லை. சாகும்போது விட்ட இடத்தைத் தாத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தாத்தா நாற்பது வருஷம் யோசித்து, பாதியில் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா போன ஐப்பசியில்தான் யோசித்து முடித்தாராம். அதற்காகவே இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வந்தேன் என்றாள். முகத்தில் சிரிப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

கோமதிநாயகம் பாய் முகத்தைப் பார்த்தார். பாய் மேல்துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகத்துக்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. பூட்டன் பொய் என்றால் ஓலை பொய். ஓலை பொய் என்றால் ஏழு கட்டக் குதிரை பொய், வித்துவான் கொடுத்த மோரும் பொய். அந்த மோரை அவர் இவ்வளவு நேரத்தில் நிஜமாகவே குடித்திருந்தார்.

ஜெபராணி மூலையில் இருந்த யானையை எடுத்தாள். கோணல் மாணலாக, ரெண்டு சிப்பாய், ஒரு மந்திரி, தன்னுடைய ராணி எல்லாரையும் தாண்டிக் கொண்டுபோய், எதிர் மூலையில் ராஜா இருந்த கட்டத்தில் வைத்தாள். ராஜாவைத் தூக்கித் தனியே படுக்க வைத்தாள். செக்மேட் என்றாள்.

பாய்க்கு இருமல் வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோமதிநாயகம் குனிந்து போர்டை ஆராய்ந்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"யம்மா, இதே நகர்த்தலை நான் ஒம்பதாவது வருஷமே கண்டுபிடிச்சிட்டேன். வித்துவான் மனசு நோகுமேன்னுதான் வெளிய சொல்லல."

"அப்ப ஆட்டம் முடிஞ்சுதுல்லா, அண்ணாச்சி?"

அவர் போர்டை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, முடிஞ்சுது தாயி என்றார்.

ஜெபராணி காய்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பருக்குத் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை, நூலகம் அல்லவா. கோமதிநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார். குடையை எடுத்தார். வாசலில் வெயில் தகரம் மாதிரி மின்னியது. இந்நேரம் வீட்டில் மிக்ஸி தயாராக இருக்கும்.

ரெண்டு எட்டு வைத்திருப்பார். ஜெபராணி பக்கத்தில் வந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"யானை கோணலாப் போகாது, அண்ணாச்சி."

அந்தக் காலத்து யானை என்று வாய் வரைக்கும் வந்தது. ஏனோ வெளியே வரவில்லை. குடையைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெபராணி தன் மேஜைக்குப் போய், திங்கட்கிழமை வகுப்புக்கான பதிவேட்டைப் பிரித்தாள். ஆறு பிள்ளைகளின் பேர் வரிசையாக இருந்தது. ஏழாவதாக, கோமதிநாயகம், வயது அறுபத்தொன்று என்று எழுதினாள். நேர வரம்பு என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். இருக்கை என்று இருந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து, ஃபேனுக்கு நேர் கீழே என்று எழுதி, அந்தப் பக்கத்தை அவர் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள்.