இரண்டு விரல் தொய்வு

போடிக்கு மேற்கே, மலைச்சாலை தன் முதல் வளைவை எடுக்கும் இடத்தில், ஜீப்புகளுக்கு மட்டுமே வேலை பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. மேஸ்திரியின் பெயர் பஞ்சவர்ணம். வயது நாற்பத்திரண்டு. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. அதிகம் பேச மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் சில நேரம் ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டுவார். அதுதான் பதில் என்று கேட்டவர் புரிந்துகொள்ள வேண்டும்.

அவரிடம் தொழில் கற்றவர்கள் இரண்டு பேர். தவசிக்கு ஐம்பத்தொன்று, மேஸ்திரிக்கே ஒன்பது வயது மூத்தவர். லாரி ஓட்டிச் சலித்து நாற்பதாவது வயதில் வந்து சேர்ந்தவர். ஆயிற்று, பதினோரு வருடம். இன்னொருவன் சவரிமுத்து, கம்பத்துக்காரன், முப்பத்தாறு வயது. வந்து நாலு வருடம்தான்.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கில் கை வைத்தவர், அந்த வண்டி மலையில் முதல் தடவை இறங்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுவது வண்டிக்காரர். வேலை பார்த்தவர் பக்கத்து இருக்கையில், கையைக் கட்டிக்கொண்டு. அதனால் பிரேக் வேலைக்குத் தனி மரியாதை. மேஸ்திரி அதை லேசில் யாருக்கும் கொடுப்பதில்லை.

தவசிக்கு இதுவரை கொடுத்ததே இல்லை.

சிக்கந்தர் தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மேஸ்திரியே எழுந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு டயரும் இடுப்பளவு. அந்த டயருக்கு இடம் வேண்டுமென்று வண்டியின் உடம்பையே உயரத் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

"ஏத்தத்துல யானை மாதிரி போகுது மேஸ்திரி," என்றார் சிக்கந்தர். "எறக்கத்துலதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. போன வாரம் ஏலக்காத் தோட்டத்துப் பொம்பளைங்க எட்டுப் பேரு உள்ள. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், அது பாட்டுக்குப் போகுது. மண்மேட்டுல ஒரசித்தான் நிறுத்துனேன். வர்ற வெள்ளிக்கெழமை மறுபடி ஆளு ஏத்தணும்."

"டயரை மட்டும் பெருசு பண்ணுனீங்க. பிரேக்கு பழைய டயருக்குச் செஞ்சது. அது என்ன பண்ணும்?" மேஸ்திரி டயரை ஒரு தட்டுத் தட்டினார். "டிரம் பிரேக்கைக் கழட்டிட்டு நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டுரலாம். சவரி, நீ பாரு."

தவசி குடித்துக்கொண்டிருந்த டீயில் அதற்குப் பிறகு இனிப்பே இல்லை.

சவரிமுத்து நாலு நாளில் முடித்தான். டிஸ்க் மாட்டினான், எண்ணெய் அளவு போதாது என்று, மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக மாற்றினான், சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்களைப் புதிதாக வாங்கி மாட்டினான். தினமும் எட்டிப் பார்த்த சிக்கந்தர், வாசலில் நிற்கும் தவசியைத் தாண்டி, "சவரி எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். டீக்கடைக்காரர்கூட முதல் கிளாஸை அவனிடம்தான் நீட்டினார். நீட்டியது கையெட்டும் தூரத்தில் அவன் இருந்ததால்தான். தவசியின் கணக்கு வேறாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

"அண்ணே, மேல ஏறி உக்காருங்க. கால் நீளம் உங்களுக்குத்தான்," என்றான் சவரிமுத்து.

"கால் நீளத்துக்காச்சும் மரியாதை இருக்கே."

அவன் சிரித்தான். வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அழுத்துங்கண்ணே. பிடிங்க, பிடிங்க. விடுங்க. மறுபடி அழுத்துங்க."

பதினோரு வருடத்துக்காரர் மிதித்தார். நாலு வருடத்துக்காரன் உத்தரவு போட்டான். இப்படி நாற்பது தடவை.

முடிந்ததும், "ஸ்பேனர் அங்குட்டு உருண்டுருச்சுண்ணே, எடுத்துக் குடுங்க," என்றான்.

தவசி இறங்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தார். அங்கேதான் அதைப் பார்த்தார். ஹோஸ் நீளம் போதாமல் கட்டையாக இருந்தது. வளைவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல்தான் தொய்வு.

வண்டி சமதரையில் நிற்கும்போது அளவெடுத்திருக்கிறான். தரையில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் மலையில் ஓடையைத் தாண்டும்போது ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும், எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் தொங்கும். இவ்வளவு தூக்கிக் கட்டிய வண்டியில் அது ஒரு சாண் இறங்கும். அப்போது ஹோஸ் கயிறாக இழுபட்டு அறுந்துவிடும். எண்ணெய் வெளியே போனால் பிரேக்கும் போயிற்று.

"கெடைச்சுச்சாண்ணே?"

"இந்தா."

"லீக்கு கீக்கு எங்கயும் தெரியுதா?"

"லீக்கு இல்ல," என்றார் தவசி. அது உண்மைதான்.

கையைக் கழுவிக்கொண்டு நேராக மேஸ்திரியிடம் போனார்.

"ஒண்ணு கேக்கணும் மேஸ்திரி."

"கேளுங்கண்ணே."

"பதினோரு வருசமா இருக்கேன். அவன் நேத்து வந்தவன். பிரேக்கு வேலையை அவன்கிட்ட குடுக்குறீங்க. என்கிட்ட என்ன கொறை?"

மேஸ்திரி மூலைக்குப் போனார். சிக்கந்தரின் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய சாமான்களைக் கிளறி, டிரம்முக்குள் இருந்த தேய்ந்த பட்டை ஒன்றை எடுத்தார். சக்கரத்தை உள்ளிருந்து உரசிப் பிடிக்கிற பட்டை அது.

"மோந்து பாருங்க."

தவசி மோந்தார். "கருகல் வாடை."

"எறக்கம் முழுக்க எரிஞ்சிருக்கு. சக்கரம் நின்னுச்சா?"

"நிக்கலையே. மண்மேட்டுல ஒரசித்தானே நிறுத்துனாரு."

"ஆமா," என்றார் மேஸ்திரி. பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

பேச்சை மாற்றுகிறார் என்றுதான் தவசிக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை அவர் அந்த ஜீப்பின் பக்கமே போகவில்லை. நான் மாட்டின ஹோஸா அது? என்னைக் கேட்டா அளவெடுத்தான்? சொன்னால் மட்டும் என்ன ஆகும், "அண்ணன் பொறாமையில சொல்றாரு"ன்னுதானே பேசுவாங்க? ஒவ்வொரு கேள்வியையும் அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டார். பதில் எல்லாம் அவருக்குச் சாதகமாகவே வந்தது.

புதன்கிழமை மதியம் சாப்பிடும்போது மனைவி செல்போனை நீட்டினாள். "உங்க பட்டறை சவரி ஸ்டேட்டஸ் போட்டிருக்காரு பாத்தீங்களா? எம்மாம் பெரிய டயரு! அவரு பண்ணுன பிரேக்காம்ல?"

"சோத்தைப் போடு."

"நீங்களும் ஒண்ணு பண்ணிப் போடலாம்ல?"

அன்றைக்கு ரசம் வரைக்கும் போகாமல் எழுந்துவிட்டார்.

திண்டில் சாய்ந்து கண்ணை மூடினால் ஓடை தெரிந்தது. ஜீப் பள்ளத்தில் இறங்குகிறது. ஹோஸ் அறுகிறது. வண்டி மண்மேட்டில் முட்டி நிற்கிறது. சவரிமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்து வருகிறான். சிக்கந்தர் திட்டுகிறார். மேஸ்திரி மெல்லத் திரும்பி, தவசியைப் பார்க்கிறார். அந்தக் காட்சியில் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஏலக்காய் பறிக்கும் பெண்கள் வண்டியில் ஏறியிருக்கவே இல்லை. தவசி அதை மூன்று தடவை பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் முதல் இறக்கம். சிக்கந்தர் வெள்ளைச் சட்டை போட்டு வந்து ஓட்டும் இருக்கையில் ஏறினார். சவரிமுத்து பக்கத்தில் ஏறப் போனவன் திரும்பி வந்தான்.

"அண்ணே, இந்தப் போனை வச்சிருங்க. குலுக்குற குலுக்குல எங்கயாச்சும் விழுந்துரும். வீட்டுல இருந்து கூப்பிட்டா, வேலையா இருக்கான்னு சொல்லுங்க. எறக்கத்துல போறேன்னா அவ ஜெபமாலையை எடுத்துருவா."

போன் அவன் சட்டைப் பைச் சூட்டோடு தவசியின் கைக்கு வந்தது.

"எந்த வழியா போறோம் சவரி?" என்று சிக்கந்தர் கேட்டார்.

"ஓடைப் பாதையில மேல போயி அப்பிடியே திரும்பி எறங்குவோம் பாய். ஒரு சக்கரம் பள்ளத்துல தொங்கும்ல, அந்த எடத்துல மிதிச்சுப் பாத்தாத்தான் நம்ம வேலை தெரியும்."

இன்ஜின் உறுமியது. வண்டி நகர்ந்தது. தவசியின் கையில் போன் அடித்தது. திரையில் ஒரு பெண்ணின் முகம், ஒரு பெயர்.

தவசி ஓடினார். ஐம்பத்தொரு வயது உடம்பு, ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டது. வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

சிக்கந்தர் ஓங்கி மிதித்தார். அவ்வளவு பெரிய டயர்கள் நாலும் அந்த இடத்திலேயே, தவசியின் மூட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றன.

"யோவ், சாகவா பாக்குற?" என்று கத்திய சிக்கந்தர், மறு நொடியே பெடலைக் குனிந்து பார்த்தார். "ஆனா என்னமா பிடிக்குது!"

"எறங்குங்க பாய். ஹோஸ் கட்டை."

சமதரையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "ஜாக்கியை அடிச்சட்டத்துல குடுத்துத் தூக்கு. சக்கரம் தொங்கட்டும்," என்றார் தவசி. சவரிமுத்து தூக்கினான். டயர் மெல்ல மெல்லக் கீழே இறங்க, ஹோஸ் நிமிர்ந்து விறைத்தது. இன்னும் இரண்டு அழுத்து. இணைப்பு இடத்தில் ரப்பர் வாய் பிளந்து, ஒரு சொட்டு எண்ணெய் எட்டிப் பார்த்தது.

சவரிமுத்துவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தரையில வச்சு அளந்துட்டேன். முட்டாள்," என்று தன்னையே சொல்லிக்கொண்டான். எழுந்து வந்து தவசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லேன்னா நானும் பாயும் இன்னைக்கு அந்த ஓடையிலதான்ணே."

"நாளைக்கு எட்டுப் பொம்பளைங்க வேற," என்றார் சிக்கந்தர். தவசியின் தோளைத் தட்டினார். "அனுபவம்னா அனுபவந்தான்யா. இனிமே என் வண்டிப் பிரேக்கு தவசிதான் தொடணும். மேஸ்திரி, கேட்டுச்சா?"

பதினோரு வருடமாகக் காத்திருந்த சொல். தவசியின் நெஞ்சு நிமிர்ந்தது. போனை சவரிமுத்துவிடம் கொடுத்தார், கழன்ற செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார், நேராக மேஸ்திரிக்கு முன்னால் போய் நின்றார். மேஸ்திரி வாய் பிளந்த ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல மேஸ்திரி."

"ம்."

"இப்பவாச்சும் பிரேக்கு வேலையை என்கிட்ட குடுப்பீங்களா?"

மேஸ்திரி ஹோஸிலிருந்து கண்ணை எடுத்தார். "இதை எப்பப் பாத்தீங்க?"

'இப்பத்தான்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்னால் சவரிமுத்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்லடி, அண்ணன் இருந்தாரு, பாத்துக்கிட்டாரு," என்றான்.

"திங்கக்கெழமை," என்றார் தவசி.

மேஸ்திரி ஹோஸைக் கீழே வைத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

"பிடிச்சிருச்சு. அது வரைக்கும் நல்லதுதான்," என்றார். "மூணு நாள் கழிச்சுப் பிடிக்கிற பிரேக்கை நான் எந்த வண்டியிலண்ணே மாட்டட்டும்?"