ஒரு கைத்தட்டு நேரம்

முன்னொரு காலத்தில் கோமுகி நாட்டை அதிரூபன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை ஐயா, ஆனால் கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும்.

அவன் அரண்மனையில் ஒரு வழக்கம். குலதெய்வத்துக்குச் சாத்தும் பன்னிரண்டு நகைகளை அதிக நேரம் பார்த்தால் கண்ணேறு பட்டுவிடுமாம்! அதனால் தினமும் மாலையில் பொக்கிஷத் தலைவர் தாண்டவராயர் நகைத்தட்டின் மேலுள்ள பட்டுத் துணியை விலக்குவார், சேவகன் ஒருமுறை கை தட்டுவான், உடனே மூடிவிடுவார். அந்த ஒரு கைத்தட்டு நேரத்துக்குள் காவல்காரி உடையம்மை பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் பச்சைக்கல் பதக்கத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சிவப்புக்கல் பதக்கத்தை வைத்திருந்தான் ஒரு திருடன். அன்றும் உடையம்மை "எல்லாம் சரி" என்றாள். திருடன் மறுநாளே பிடிபட்டான், பதக்கமும் கிடைத்தது. ஆனால் தாண்டவராயர் விடுவாரா? உடையம்மைக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் மந்திரி சோலைநம்பி. மந்திரி பேரைக் கேட்டாலே தாண்டவராயருக்கு வயிறு எரியும்.

"பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமலா போகும், மகாராஜா? இவளும் உடந்தை! நானாக இருந்தால் பார்த்த நொடியில் சொல்லியிருப்பேன்."

ராஜா கொதித்தான். "பார்த்தும் பார்க்காத கண் எதற்கு? நாளைக் காலை பறித்துவிடுங்கள்!"

உடையம்மை கும்பிட்டாள். "பார்த்தேன் மகாராஜா, சத்தியமா பார்த்தேன். மனசுலதான் நிக்கல."

சோலைநம்பி எழுந்தார். "தண்டனை இருக்கட்டும். முதலில் தாண்டவராயர் எங்களுக்குப் பார்த்துக் காட்டட்டும். அரசே, நீங்களும் பாருங்கள்."

சபையிலிருந்தவர்களின் நகைகளை வாங்கினார். ராஜாவின் விரலிலிருந்த மோதிரத்தையும் கேட்டு வாங்கினார். முதலில் மூன்றே நகைகளைத் தட்டில் வைத்தார். பட்டு விலகியது, கைத்தட்டு, மூடியது. உள்ளே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி காட்டினார்.

"நடுவில் இருந்தது முத்து வளையல், இப்போது பவழ வளையல்!" என்று தாண்டவராயர் மீசையை முறுக்கினார். நிறம், வடிவம், இடம், எதிலும் தவறவில்லை. ராஜாவும் தலையாட்டினான்.

அடுத்து பன்னிரண்டு. பட்டு விலகியது, கைத்தட்டு, மூடியது. மந்திரி ஒன்றை மாற்றி, மறுபடி காட்டினார்.

தாண்டவராயர் விழித்தார். "அந்த... அந்தச் சங்கிலி?"

"இல்லை."

"தோடு!"

"அதுவும் இல்லை. அரசே, நீங்கள்?"

ராஜா நெற்றியைச் சுருக்கினான். "ஒன்றும் மாறவில்லையே!"

மந்திரி கையை விரித்தார். உள்ளங்கையில் ராஜாவின் மோதிரம். தட்டில் அதன் இடத்தில் சேனாதிபதியின் மோதிரம் கிடந்தது.

"ஒரு கையில் மூன்று, நான்கு எலுமிச்சம்பழம் பிடிக்கலாம். அதற்கு மேல் வைத்தால் உருண்டுதான் போகும். ஒரு பார்வையில் மனசு பிடிப்பதும் அவ்வளவுதான். நிறம் தெரியாமல் இவள் தவறவில்லை. எண்ணிக்கை அதிகம், நேரம் இல்லை. அரசே, நாளைக் காலை எத்தனை பேர் கண்ணைப் பறிக்க?"

தாண்டவராயர் தலையைத் தொங்கப் போட்டார். ராஜாவின் முகம் வெளுத்தது.

"அந்தத் தண்டனை இன்றோடு ஒழிந்தது. இனி மும்மூன்றாக வைத்து, நிதானமாகப் பார்க்கட்டும். உடையம்மா, உனக்கு ஒரு கிராமம் தருகிறேன்."

"கிராமம் வேண்டாம் மகாராஜா. எனக்கு முன்னால காவல் இருந்த வேலப்பருக்கு, இதே தப்புக்குத்தான் போன வருஷம் கண்ணைப் பறிச்சீங்க. தெற்கு வாசல்ல உக்காந்திருக்காரு. 'உன் மேல தப்பில்ல'ன்னு அவருகிட்ட நீங்களே வந்து சொல்லணும்."

ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி நடந்தான். தாண்டவராயரும் பின்னால் போனார்.

காலடி கேட்டு வேலப்பர் முகத்தை நிமிர்த்தினார். "யாருங்க அது?"

நாட்டையே அதட்டிய ராஜா அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, "உங்கள் கண்ணைப் பறித்தவன். உங்கள் மேல் தப்பில்லை" என்றான்.