பிரியாத மேடு

"இதைவிடக் கெட்டியாப் பிடிச்சு வெக்கிற குழாய் இருந்தா குடுங்க மேடம். இதுவும் தோத்துப்போச்சு."

அருளப்பனுக்கு நாற்பத்தொன்பது வயது. பதினாறு வருடம் அந்த மருந்துக் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் அட்டைப்பெட்டி மடித்தவர். தபாலில் படித்துப் பட்டம் வாங்கி, ஆறு மாதத்துக்கு முன்புதான் மாடியில் உள்ள லேபுக்கு ஏறி வந்திருந்தார். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் பரிதாவுக்கு முப்பத்திரண்டு.

"எத்தனை குழாய் மாத்தினீங்க, அண்ணே?"

"நாலு."

"மேடு?"

"ஒண்ணேதான்."

அந்தக் குழாய் ஒரு சாண் நீள எஃகு. உள்ளே மாவைவிட நைஸான தூள். தூளின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு பூச்சு. மருந்தைக் கரைத்து உள்ளே தள்ளினால், எண்ணெயோடு ஒட்டுகிற பொருள் அங்கங்கே நின்று மெதுவாக வரும். தண்ணீரோடு சேருகிற பொருள் முந்திக்கொண்டு ஓடிவரும். வெளியே வரும் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு மேடு விழும்.

அருளப்பனிடம் இருந்தது குழந்தைகள் குடிக்கிற இருமல் மருந்து. அதைத் தயாரிக்கும்போதே உடம்புக்கு ஆகாத பொருள் ஒன்றும் கூடவே வந்துவிடும். இரண்டும் தனித்தனி மேடாக விழுந்தால்தான் ஆகாதது எவ்வளவு என்று சொல்ல முடியும்.

சனிக்கிழமைக்குள் பிரித்துக் காட்டாவிட்டால் மறுபடி பேக்கிங் ஹால்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இன்று வியாழன். அருளப்பனின் மனைவியோ, "அவர் இப்ப லேப்ல இருக்கார்" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தாள்.

"முதல் குழாய்ல எட்டு நிமிஷத்துல வந்துச்சு. இதுல முப்பத்தஞ்சு நிமிஷம் பிடிச்சு வெச்சுப் பாத்துட்டேன். ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டுத்தான் வெளிய வருது மேடம்."

பரிதா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

"பேக்கிங் ஹாலுக்குப் போங்க."

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கே மேடம்."

"ஒரு மணி நேரம் அந்த ரெட்டைப் பொண்ணுங்க பக்கத்துல நின்னுட்டு வாங்க. போங்கண்ணே."

தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்.

ஹாலில் எல்லாருக்கும் தொப்பி, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் தெரியும். புது சூப்பர்வைசர் தேவசகாயம், மரகதத்தையும் பவளத்தையும் எதிரே நிறுத்தி வைத்திருந்தார். இரட்டைப் பிறவிகள்.

"வாய்யா அருளப்பா. கால் மணி நேரமா நிக்க வெச்சிருக்கேன். எது மரகதம், எது பவளம்னு வாயைத் திறக்க மாட்டேங்குதுங்க."

"கண்டுபிடிச்சா சாருக்கு நாங்க டீ. இல்லைன்னா எங்களுக்கு அவர் டீ," என்றாள் ஒருத்தி. "அருளண்ணே, நீங்க சொல்லக் கூடாது!"

"நிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா தெரிஞ்சிரும்," என்றார் தேவசகாயம்.

"சாயங்காலம் வரைக்கும் பாருங்க சார். கால்தான் வலிக்கும்," என்றாள் மற்றவள்.

அருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் முகமும் மனைவி முகமும் மாறி மாறி வந்தன. பக்கத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டி இருந்தது. கை சும்மா இருக்க முடியாமல், பழைய பழக்கத்தில், அதன் மேல் தவில் மாதிரி தட்டினார்.

ஒருத்தியின் கையுறைக்குள் விரல்கள் தானாகத் துள்ளின. மற்றவள் கை அசையவில்லை.

"துள்ளுறது பவளம்," என்றார். "தவில்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டவ. மரகதம் புருஷன் லாரி ஓட்டுறாரு."

"அடப்பாவி அண்ணே, டீ போச்சே!"

"ஒரு மாசமா நிக்க வெச்சு நிக்க வெச்சுப் பாக்கறேன்யா," என்றார் தேவசகாயம்.

அருளப்பனின் விரல்கள் பெட்டியின் மேல் அப்படியே நின்றன.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் இரண்டிரண்டு படியாக மாடி ஏறினார்.

மருந்தின் ஃபைலைத் திறந்தார். அதில் ஒரு பக்கம் உண்டு. கோடும் மூலையுமாக இருப்பதால், தனக்குப் புரியாது என்று அவர் எப்போதும் புரட்டித் தள்ளிவிடுகிற பக்கம். மருந்தின் உருவமும் ஆகாததன் உருவமும் அடுத்தடுத்து வரைந்திருந்தன. விரலை வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் ஒன்றுதான். கடைசி மூலையில் மருந்துக்கு ஒரு வளையம் இருந்தது. ஆகாததற்கு அதே இடத்தில் வெறும் வால்.

"மேடம், வளையத்தைக் கண்டா துள்ளுற குழாய் ஏதாவது இருக்கா?"

பரிதா தன் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து குழாய் வைத்த ஒரு நீளப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

குழாயை மாட்டிவிட்டு அருளப்பன் உட்காரவே இல்லை.

பன்னிரண்டாவது நிமிடம் திரையில் சின்னதாக ஒரு மேடு விழுந்தது. பிறகு ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வளையம் சிக்கிப் பிந்திவந்த மருந்தின் பெரிய மேடு.

அவருக்குக் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபமும் வந்தது.

"இது எப்போலேருந்து உங்க பையில இருக்கு மேடம்?"

"திங்கக்கிழமையிலேருந்து."

"நாலு நாளா உங்ககிட்ட வந்து கெஞ்சினேனே. கேட்டப்பவே குடுத்திருக்கலாமே!"

"இதை எப்பண்ணே கேட்டீங்க?"