நீர்நாய் தேடிப்போன அமைதி

காட்டாறு வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு மருத மரத்தின் வேர்களுக்கு அடியில் இருந்த வளையில், ஒரு நீர்நாய்க் குடும்பம் வாழ்ந்தது. அப்பா கூர்மீசை. அம்மா நீலி. மூத்த குட்டி சுழி, பெண். இளையவன் துளி.

கூர்மீசை மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன். குடும்பத்தை ஒரு வேளைகூடப் பட்டினி போட்டதில்லை. ஆனால் அதற்கு மூக்கின் மேல் கோபம்.

"இப்படியா முங்குவது? வாலை நேராக வை!"

"அந்த மீனை ஏன் விட்டாய்? கண் எங்கே இருந்தது?"

பொழுது விடிந்தால் அடையும்வரை இதே பாட்டுதான்.

ஒரு நாள் துளி ஒரு கெண்டையை நழுவவிட்டது. கூர்மீசை பாய்ந்து அதன் காதைக் கடித்தது. பயமுறுத்தத்தான் நினைத்தது. ஆனால் பல் ஆழமாக இறங்கிவிட்டது. காது நுனி கிழிந்து, தண்ணீரில் ரத்தம் கலந்தது. துளி அழவில்லை. அழுதால் அதற்கும் திட்டு விழும் என்று அதற்குத் தெரியும்.

அன்று கூர்மீசைக்கு இரை இறங்கவில்லை.

"நீலி, நான் மாற வேண்டும்," என்றது. "நான் கெட்டவன் இல்லை. இந்த இடம்தான் என்னை இப்படி ஆக்குகிறது. காலையில் குரங்குகளின் கூச்சல். மதியம் யானைகள் வந்து ஆற்றைக் கலக்குகின்றன. பக்கத்து வளைக்காரர்களோடு தினமும் மீன் சண்டை. மலைக்கு மேலே ஒரு சுனை இருக்கிறதாம். அங்கே ஒரு சத்தமும் கிடையாதாம். பத்து நாள் இருந்துவிட்டு வந்தால் என் மனசு சரியாகிவிடும்!"

நீலி சற்று யோசித்தது. "சரி, போகலாம். குட்டிகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்."

ஓடை வழியாக இரண்டு நாள் ஏறின. மலை உச்சிக்குக் கீழே அந்தச் சுனை இருந்தது. தெளிந்த தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம். சுற்றிலும் பெரிய பாறைகள். காற்று குளிர்ந்து வீசியது. வேறு ஓசையே இல்லை.

"ஆகா! இதுவல்லவா இடம்!" என்றது கூர்மீசை.

"ஒரு தவளைகூடக் கத்தவில்லையே," என்றது நீலி. "மான்கள்கூடத் தண்ணீர் குடிக்க வரவில்லையே."

"அதுதானே இதன் அழகு!"

பிறகு குட்டிகளைக் கூப்பிட்டுச் சொன்னது: "இந்தக் கரையில் மட்டும் விளையாடுங்கள். எதிர்க்கரைக்குப் போனது தெரிந்தால் தோலை உரித்துவிடுவேன்!"

குட்டிகள் தலையை ஆட்டின.

கூர்மீசை உயரமான ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தது. கண்ணை மூடியது. மூச்சை இழுத்து விட்டது. காலையில் உட்கார்ந்தால் வெயில் சாயும்போதுதான் இறங்கும்.

இரண்டாம் நாளே சுழி எதிர்க்கரைக்குப் போய்விட்டது. துளி தூங்கிக்கொண்டிருந்தது. நீலி மீனுக்குப் போயிருந்தது. எதிர்க்கரைப் பாறையில் ஒரு பிளவு இருந்தது. அதிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பயப்படாதே பாப்பா! மாமாதான் பேசுகிறேன்!"

அது ஒரு மலைப்பாம்பு. உடம்பு பெருத்து, மரம் போலக் கிடந்தது. துரத்திப் பிடிக்கும் வயது அதற்குப் போய்விட்டது. அதனால் பேசிப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

"நண்டு பிடிக்குமா பாப்பா? உன் பக்கத்துக் கல்லைப் புரட்டிப் பார்!"

சுழி கல்லைப் புரட்டியது. கொழுத்த நண்டு ஒன்று இருந்தது! சுழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீ இங்கே வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஐயோ! தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்!"

பாம்பு மெல்ல நாக்கை நீட்டியது. அதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"அப்படியா? பாவம் நீ! நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்."

மறுநாளும் சுழி போனது. அதற்கு மறுநாளும் போனது. எட்டினால் பிடித்துவிடும் தூரத்தில்தான் விளையாடியது. ஒரு குட்டி பாதி வயிற்றுக்குக்கூடக் காணாது என்று பாம்பு காத்திருந்தது.

"உனக்கு ஒரு தம்பி இருக்கிறானே! நாளைக்கு அவனையும் கூட்டி வா. இந்தப் பிளவுக்குள் நண்டு குவிந்து கிடக்கிறது. பாறை சூடேறியதும் வந்துவிடுங்கள்!"

சுழி பிளவுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே நண்டு தெரியவில்லை. ஓரத்தில் ஒரு சின்னக் குளம்பு கிடந்தது. மான்குட்டியின் குளம்பு.

சுழி மெல்லப் பின்வாங்கியது. திரும்பி நீந்தி வந்தது. அப்பாவிடம் சொன்னால் எதிர்க்கரைக்குப் போனது தெரிந்துவிடும். அம்மாவிடம் சொன்னால் அம்மாவுக்கும் சேர்த்துத் திட்டு விழும். நாளைக்குப் போகாவிட்டால் மாமா அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ? சுழி ஒரு கல்லுக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது.

அன்று மாலை கூர்மீசை பாறையிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கியது.

"நீலி! நாலு நாளாக எனக்குக் கோபமே வரவில்லை, பார்த்தாயா? நான் மாறிவிட்டேன்!"

நீலி குட்டிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு நிதானமாகச் சொன்னது:

"கோபம் வருகிற மாதிரி உங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் வரவில்லை."

"என்ன சொல்கிறாய்?"

"நீங்கள் பாறை மேல் இருக்கும்போது குட்டிகள் ஓயாமல் பேசுகின்றன. நீங்கள் இறங்கி வந்ததும் வாயை மூடிக்கொள்கின்றன. நானும் அப்படித்தான். பாதி விஷயத்தை உங்களிடம் சொல்வதில்லை. இந்த அமைதி மலையால் வந்தது இல்லை. ஆற்றங்கரையிலும் நீங்கள் இருக்கும்போது நம் வளைக்குள் இதே அமைதிதான்."

கூர்மீசைக்குச் சுருக்கென்றது. "நான் உங்களுக்காக எவ்வளவு..." என்று ஆரம்பித்தது. பாதியிலேயே நிறுத்தியது. திரும்பிக் குட்டிகளிடம் போனது.

"இன்றைக்கு என்ன செய்தீர்கள்?"

"ஒன்றுமில்லை அப்பா," என்றது சுழி. அதன் தாடையில் நண்டு ஓட்டின் துணுக்கு ஒட்டியிருந்தது. இந்தக் கரையில் நண்டே கிடையாது.

கூர்மீசையின் பிடரி மயிர் சிலிர்த்தது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அதற்குள் துளி காதுகளை மடக்கிக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துவிட்டது. கிழிந்த காதும் மடங்கியிருந்தது.

நான் இன்னும் வாயே திறக்கவில்லையே என்று நினைத்தது கூர்மீசை. வாயைத் திறக்காமலே என்னைக் கண்டு நடுங்குகிறார்களே!

அது தண்ணீரில் இறங்கிக் குட்டிகளின் மட்டத்துக்குத் தாழ்ந்து படுத்தது.

"சுழி, நான் திட்ட மாட்டேன். சொல்."

"எதிர்க்கரையில்... ஒரு மாமா..."

"எதிர்க்கரைக்குப் போனாயா!" என்று உறுமிவிட்டது கூர்மீசை. பழக்கம்! சுழி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

கூர்மீசை தன் நாக்கையே கடித்துக்கொண்டது. "தப்பு. என் தப்பு. நான் சொன்ன சொல்லை நானே காப்பாற்றவில்லை," என்றது. பிறகு ஒன்றும் கேட்காமல் படுத்திருந்தது. வெயில் பாறைகளை விட்டு முழுவதும் போய்விட்டது. நாலு நாள் பாறை மேல் கண்ணை மூடி உட்கார்ந்ததைவிட, இப்படிச் சும்மா இருப்பது அதற்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் சுழி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னது. மாமாவை, நண்டுகளை, குளம்பை, நாளைக்குத் தம்பியைக் கூட்டி வரச் சொன்னதை.

கூர்மீசை எதிர்க்கரைப் பிளவைப் பார்த்தது. மலையில் ஏன் சத்தமே இல்லை என்று இப்போது புரிந்தது. கத்துவதற்கு அங்கே யாரையும் பாம்பு விட்டுவைக்கவில்லை!

"நல்ல வேளை சொன்னாய், கண்ணு," என்றது.

"நாம் இறங்கும் ஓடை அந்தப் பிளவை ஒட்டித்தான் போகிறது," என்றது நீலி. "வேறு வழி இல்லையே! எப்படிப் போவது?"

"அப்பா," என்றது சுழி மெதுவாக. "மாமா காலையில் நகரவே மாட்டார். குளிரில் அவருக்கு உடம்பு வளையாது. பாறை சுட்டால்தான் அசைவார்."

மறுநாள் மூடுபனி விலகுவதற்கு முன்பே நான்கும் கிளம்பின. நீலி முன்னால் போனது. குட்டிகள் நடுவில். பிளவுக்கு முன்னால் வந்ததும் கூர்மீசை ஓடையின் குறுக்கே நின்று பற்களைக் காட்டியது.

பாம்பின் தலை மெதுவாக வெளியே வந்தது. "சுழி! நீ சொல்லிவிட்டாயா? உன் அப்பாவிடம் நீ சொல்ல மாட்டாய் என்றல்லவா நம்பியிருந்தேன்!"

"நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்," என்றது கூர்மீசை.

பாம்பு சீறிப் பாய்ந்தது. ஆனால் குளிரில் விறைத்த உடம்பு பாதி தூரம்தான் நீண்டது. கூர்மீசை விலகி, அதன் கழுத்தோரம் ஆழமாக ஒரு கடி கடித்தது. பாம்பு வலியில் சுருண்டு பிளவுக்குள் பின்வாங்கியது. அதற்குள் குட்டிகள் ஓடையில் வழுக்கிக் கீழே போய்விட்டன. கூர்மீசையும் அவற்றின் பின்னால் குதித்தது.

வெகு தூரம் இறங்கிய பிறகுதான் நின்று மூச்சு வாங்கின. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"அப்பா, நானும் ஒன்று சொல்லட்டுமா?" என்றது துளி. "திட்ட மாட்டீர்களே?"

"சொல்."

"போன மாசம் உங்கள் விரால் மீனைப் பக்கத்து வளைக்காரர்கள் எடுக்கவில்லை. நான்தான் தின்றேன்."

கூர்மீசைக்கு மீசை துடித்தது. அந்த மீனுக்காக அது பக்கத்து வளைக்காரரோடு இரண்டு நாள் சண்டை போட்டிருந்தது! ஆனாலும், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டது. அப்புறமும் நிறைய இருந்தது. ஆறு வரும்வரை துளி சொல்லிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு கூர்மீசைக்குக் கோபமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. சில நாள் கத்தியும்விட்டது. கத்திய பிறகு தானே குட்டிகளிடம் போய், "எதையோ சொல்ல வந்தாயே, முழுசாகச் சொல்," என்று படுத்துக் காத்திருக்கும். நாளாக ஆக, அந்த வளையில் பேச்சும் சண்டையும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். பக்கத்து வளைக்காரர்களே வந்து முறையிடும் அளவுக்கு!

பிள்ளைகள் பேசப் பயப்படும் வீட்டில் அமைதி இருக்கும், பாதுகாப்பு இருக்காது.