கரிப்பேரிக்காரர் விளைவித்த பனி

கரிப்பேரி ஆட்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது அநியாயம். மூளை இருக்கிறது. கடற்கரை ஊர் அல்லவா, வெளியே எடுத்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடுமே என்று பத்திரமாக உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர் உப்பளத்தில் வேலை பார்க்கும் அருஞ்சுனைக்கு ஒரு முறைப்பெண் உண்டு, பெயர் சண்முகக்கனி. அவள் அப்பா வெள்ளைப்பாண்டி பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் வடக்கே ஒரு பனிமலையிலேயே தங்கிவிட்டார். புதிதாக வருகிறவர்கள் பனிச்சறுக்கு பழக ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். சொல்லிக்கொடுப்பது சண்முகக்கனி. பெண் கேட்டுப் போன் செய்த அருஞ்சுனையிடம் அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஏல, சரிவு உச்சியில இருந்து விழாம நின்னுக்கிட்டே கீழ வந்து என் கையைத் தொடணும். தை பிறக்கதுக்குள்ள உனக்கு அது முடியலன்னா, லீவுல வார பட்டாளத்துப் பையனுக்குக் கட்டிக் குடுத்திருவேன்."

அருஞ்சுனைக்குச் சண்முகக்கனி என்றால் உயிர். கூட்டாளிகள் கொம்பையாவையும் தளவாயையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டான். பெண் கேட்கப் போகிறவர்கள் உப்போடு போவது கரிப்பேரி வழக்கம். ஆளுக்கு ஒரு மூட்டை கொண்டு போனார்கள்.

போய்ச் சேர்ந்தது கார்த்திகையில். பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சரிவில் பனி தோசைக் கனம்கூட இல்லை. இடையிடையே புல்லும் கல்லும் தலைநீட்டின. கொம்பையா ஒரு சிட்டிகை பனி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு பத்தல," என்றான்.

சண்முகக்கனி அவர்களுக்குப் பொறுமையாகச் சொன்னாள். "அத்தான், பச்சைக் கொடி இருக்க இடத்துலதான் நீங்க சறுக்கணும். புதுசா பழகுதவங்களுக்கு அதான் பத்திரம். மத்ததெல்லாம் செங்குத்து, கல்லு வேற கிடக்கு."

அவள் அந்தப் பக்கம் போனதும் மூவரும் கூடி யோசித்தார்கள்.

"கொடி இருக்க இடம் பத்திரம்னா," என்றான் தளவாய், "கொடியக் கையில வச்சிக்கிட்டா?"

"போற இடமெல்லாம் பத்திரம்," என்றான் அருஞ்சுனை.

"இத்தனை வருசமா இது ஒருத்தனுக்கும் தோணலையே," என்று கொம்பையா வருத்தப்பட்டான்.

தளவாய் கொடியைப் பிடுங்கிக்கொண்டு இருப்பதிலேயே செங்குத்தான சரிவில் ஏறினான். கீழே வந்தபோது கொடி முழுசாக இருந்தது. கால்சட்டையின் பின்பக்கம் இல்லை. "கல்லுக்குக் கொடி தெரியல போல," என்று சொல்லிக் கொடியை அருஞ்சுனையிடம் கொடுத்துவிட்டான்.

மறுநாள் சண்முகக்கனி அருஞ்சுனையை நிற்கப் பழக்கினாள். "முழங்காலை மடக்குங்க அத்தான். நான் சொல்லுத வரைக்கும் நிமிரவே கூடாது." அந்த நேரம் வேறு யாரோ விழுந்து அலற, அவள் தூக்கிவிட ஓடினாள். அருஞ்சுனை முழங்காலை மடக்கியபடியே நின்றான். அப்படியே போய்ச் சாப்பிட்டான், அப்படியே கை கழுவினான். அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் மடக்கினான்.

நாள் போய்க்கொண்டே இருந்தது, பனி கனக்கவில்லை. "இன்னும் நாலு விரல் ஏறினாத்தான் சறுக்க முடியும்," என்றார் வெள்ளைப்பாண்டி. அருஞ்சுனை விரல்விட்டு நாளை எண்ணினான். தை பிறந்துவிட்டால் பெண் போய்விடும்.

"நாலு விரல் வெள்ளை, அவ்வளவுதானே?" என்றான் கொம்பையா. "நம்மகிட்ட மூணு மூட்டை இருக்கே."

"அது சீர் உப்புல்லா?" என்றான் தளவாய்.

"சரிவும் மாமாவுதுதானே. சீரை வீட்டுல வச்சா என்ன, சரிவுல வச்சா என்ன?"

காலையில் மூன்று மூட்டையையும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பரப்பினார்கள். உப்பு பட்டால் பனி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மத்தியானம் வெள்ளைப்பாண்டி வந்து பார்த்தபோது சரிவில் புல்லும் சேறும்தான் இருந்தன. அவர் சண்டையெல்லாம் பார்த்த மனிதர், ஆனாலும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சரிவு பழையபடி வெள்ளையாவுத வரைக்கும் என் மகள் பேச்சை எவனும் எடுக்கப்படாது," என்றார் கடைசியில்.

அருஞ்சுனை கண்கலங்கினான். தளவாய்தான் தேற்றினான்.

"எதுக்குல அழுத? வெள்ளையா இருந்தது தண்ணியாயிட்டு. தண்ணிய வெள்ளையாக்குததுதானே நம்ம தொழிலே."

உடனே மண்வெட்டி எடுத்தார்கள். சரிவு முழுக்க உள்ளங்கை ஆழத்துக்குப் பாத்தி வெட்டி, உருகி ஓடிய தண்ணீரைத் தேக்கிக் காய விட்டார்கள். நல்ல வெயிலடித்தது. மார்கழிக் கடைசியில் பாத்திகளில் வெள்ளை பூத்தது. கொம்பையா எடுத்து நாக்கில் வைத்தான்.

"இப்பதான் உப்பு சரியா இருக்கு. பனி முத்திட்டு. விடிஞ்சா மாமாவைக் கூப்பிட்டிரலாம்."

அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உப்பளத்துக்காரனுக்கு அதைவிடப் பயம் வேறு கிடையாது. விளைச்சல் கரைந்துவிடும். மூவரும் ஓடி அங்கிருந்த கூடாரங்களின் நீலத் தார்ப்பாய்களையெல்லாம் கெஞ்சி வாங்கிவந்து, சரிவை உச்சி முதல் அடிவரை மூடி இழுத்துக் கட்டினார்கள்.

"என்னல, வெள்ளையால்லா பெய்யுது?" என்றான் தளவாய்.

"எந்த நிறத்துல பெஞ்சா என்ன? உள்ள விட்டா நம்ம பனி கெட்டுரும். இறுக்கிக் கட்டு," என்றான் கொம்பையா.

மறுநாள் காலையில் வெள்ளைப்பாண்டியும் மகளும் வந்து பார்த்தார்கள். மலை மொத்தமும் முழங்கால் பனி. தார்ப்பாயில் விழுந்ததெல்லாம் வழுக்கிக் கீழே போய்க் குவிய, அவருடைய சரிவு மட்டும் நீலமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் அடிவாரத்தில் நின்று கையை நீட்டித் திட்ட ஆரம்பித்தார்.

உச்சியில் காவலிருந்த அருஞ்சுனை, மாமா வீணாகக் கவலைப்படுகிறாரே என்று சமாதானம் சொல்ல ஓரடி வைத்தான். கால் தார்ப்பாயில் பட்டது. மடக்கிய முழங்காலை அவன் இன்னும் நிமிர்த்தவில்லை. பச்சைக் கொடியும் கையில் இருந்தது. அம்பு போலக் கீழே வந்து, நீட்டியிருந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பயப்படாதீங்க மாமா. ஒரு பொட்டுப் பனி உள்ள விடல."

வெள்ளைப்பாண்டி தன் கையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். பட்டாளத்துக்காரர் சொன்ன சொல்லை மாற்ற முடியாது.

சண்முகக்கனி தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "அடியில சரிவும் வெள்ளையாத்தான் இருக்கு. தேதி பாருங்கப்பா."

தையில் கல்யாணம் நடந்தது. மணமேடையை மூன்று சுற்றும் மாப்பிள்ளை முழங்காலை மடக்கியபடியேதான் வந்தான். அவள் இன்னும் நிமிரச் சொல்லவில்லை. கேட்டால், "சொல்லுதேன், சொல்லுதேன். இப்பத்தான் கட்டிலுக்கு அடியில கூட்டுதாரு, பரண்ல தூசி தட்டுத அன்னைக்கு நிமிரச் சொல்லுதேன்," என்கிறாள்.