ரெண்டு கால் தாங்கியும் தலைவர் மீசையும்

கூழாம்பாளையத்துக்காரர்களைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர்களைப் போல உட்கார்ந்து யோசித்துக் காரியம் செய்கிறவர்களையும் நான் பார்த்ததில்லை. யோசனையெல்லாம் பலமாகத்தான் இருக்கும். காரியம்தான் வேறு மாதிரி முடியும்.

அந்த ஊரில் குறிபார்ப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. நாலு பேர், ஒரு ஏர்கன், அவ்வளவுதான் சங்கம். தலைவர் நாச்சிமுத்து. அவர் ஒரு தெருவில் திரும்பினால் முதலில் மீசை திரும்பும், பிறகுதான் அவர் வருவார். செயலாளர் அர்த்தநாரி மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் படித்தவர் என்று பேர். சென்னியப்பன் யோசனைக்காரர். மாரப்பன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர், அதற்கு மேல் ஒரு துளி செய்ய மாட்டார்.

வருசா வருசம் காணும் பொங்கல் அன்று டவுன் மைதானத்தில் பலூன் சுடும் போட்டி நடக்கும். ஒரு பலகை, அதில் ஒரு பலூன், ஆளுக்குப் பத்து குண்டு. போன வருசம் நாச்சிமுத்து பத்தையும் சுட்டார். மைக்செட்காரரின் குழாய் ஒன்று ஓட்டையானது. கமிட்டிக்காரர்களின் டீ கேன் ஓட்டையானது. பலூன் மட்டும் சௌக்கியமாக இருந்தது. தலைவருக்குக் கை அப்படி நடுங்கும்.

அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் அவருடைய மச்சினன் மருதாசலம். நாச்சிமுத்துவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அடுத்த வருசம் ஒரே ஒரு பலூனாவது ஒடைக்கலீன்னா இந்த மீசைய எடுத்தறேன் மாப்ளே!"

"சரிங்க மாமா. சலூன்காரரை நானே கூட்டியாறேன்," என்றான் மருதாசலம். அவனுக்கு மீசையே கிடையாது. அதனால் பந்தயத்தில் அவனுக்குப் போக ஒன்றுமில்லை என்பதைச் சங்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

நாள் நெருங்க நெருங்க நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவித் தடவிப் பெருமூச்சு விட்டார். கடைசியில் நாலு பேரும் போய், போட்டிக்கு நடுவராக இருக்கும் ரிட்டையர்டு போலீஸ்காரர் ரங்கநாதன் ஏட்டைப் பார்த்தார்கள்.

அவர் நல்ல மனுசர். "டவுன்ல வெளையாட்டுச் சாமான் கடையில ரெண்டு கால் தாங்கின்னு விக்கிறாங்க. துப்பாக்கிக் குழாய்க்கு அடியில மாட்டிக்கிட்டு, தரையில படுத்துச் சுட்டா ஆடாது. பொழுதுபோக்குக்குச் சுடறவங்களுக்கு வெல கம்மியானதே போதும். ஆனா மூணு விசயம். குழாய் கனத்துக்குச் சரியா இருக்கோணும். நிக்குதான்னு பாத்து வாங்கோணும். மாட்டி வெச்சுச் சுட ஆரம்பிச்சா துப்பாக்கிய அசைக்கக் கூடாது," என்றார்.

மறுநாளே கிளம்பினார்கள். துப்பாக்கியை பஸ்ஸில் கொண்டுபோனால் கண்டக்டர் பயந்துவிடுவார் என்று வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். குழாயின் கனத்துக்கு என்ன செய்வது? மாரப்பன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் குழாயைச் சுற்றிப் பிடித்தார். பிறகு வளையம் கலையாமல் மெதுவாக உருவிக்கொண்டார்.

"இதேதானுங்க அளவு. கடை வர்ற வரைக்கும் உட மாட்டேன்."

பதினெட்டு கிலோமீட்டர் அந்தக் கையை உயர்த்திப் பிடித்தபடியே வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் மற்ற மூவரும் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டார்கள். கண்டக்டர் இவர் தன்னைப் பார்த்து 'சூப்பர்' என்று காட்டுகிறார் என நினைத்து, ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தார்.

கடைக்காரர் ரெண்டு தாங்கிகளை எடுத்து வைத்தார். ஒன்று ரெண்டாயிரத்து நானூறு ரூபாய். இன்னொன்று நானூற்று ஐம்பது.

சென்னியப்பன் நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டு காலுக்கு நானூத்தம்பதுங்களா? நாங்க சும்மா பொழுதுபோக்குக்குச் சுடறவங்க. ஒத்தக் கால் மட்டும் குடுத்தீங்கன்னா போதுங்க."

"அப்பிடிப் பிரிச்சுக் குடுக்கறதில்லீங்க," என்றார் கடைக்காரர்.

மாரப்பன் வளையத்தை நீட்டினார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "திருகு வெச்சிருக்குதுங்க. இறுக்கினா எந்தக் குழாய்க்கும் பொருந்தும்," என்றார். மாரப்பனின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விரலைப் பிரிக்கவில்லை. பிரிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அடுத்தது, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நாச்சிமுத்து விலை குறைந்த தாங்கியின் கால்களை விரித்து மேசைமேல் வைத்தார். அது தொப்பென்று விழுந்தது. விலை கூடினதை வைத்தார். அதுவும் விழுந்தது. நாலு பேரும் கடைக்கு வெளியே போய் வட்டமாக நின்று ஆலோசித்தார்கள்.

"தானே நிக்க முடியாதது துப்பாக்கிய எப்பிடித் தாங்குமுங்க?" என்றார் அர்த்தநாரி.

"மாடு நாலு கால்ல நிக்குது. முக்காலி மூணுல நிக்குது. நாம ரெண்டு கால்லதான் நிக்கறோம், தலைவர் எப்பிடி நடுங்கறாரு பாருங்க," என்றார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து வருத்தத்தோடு தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

கடைக்காரர் பொறுமைசாலி. "மேல துப்பாக்கி இருந்தா நிக்குமுங்க. பாருங்க," என்று மூலையில் இருந்த தன் குடையை எடுத்து, விலை குறைந்த தாங்கியில் மாட்டினார். முன்பக்கம் ரெண்டு கால், பின்பக்கம் குடைப்பிடி. ஜம்மென்று நின்றது. நாலு பேரும் கைதட்டினார்கள். மாரப்பன் மட்டும் ஒரு கையால் தொடையில் தட்டினார்.

"சரிங்க, இதையே குடுத்துருங்க. குடையோட," என்றார் நாச்சிமுத்து.

"குடை என்னோடதுங்க. விக்கறதுக்கில்ல."

"ஏனுங்க, நிக்குதான்னு பாத்து வாங்கச் சொன்னாருங்க ஏட்டய்யா. குடையோடதான் நின்னுச்சு. குடை இல்லாம விழுந்ததை நாங்க நாலு பேரும் பாத்தோமே!"

அரை மணி நேரம் பேசியும் நாலு பேரும் நகரவில்லை. கடைக்காரர் கடைசியில் குடைக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டு அனுப்பினார். விலை கம்மியான சாமானாக வாங்கிவிட்டோம் என்று நாலு பேருக்கும் திருப்தி.

காணும் பொங்கல் வந்தது. மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. மருதாசலம் சொன்னபடியே சலூன்காரர் அருணாசலத்தை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவர் கத்தியும் கிண்ணமுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

தாங்கியைத் துப்பாக்கியில் மாட்டினார்கள். குடையையும் பக்கத்தில் சேர்த்துக் கட்டினார்கள். அசையக் கூடாதே என்று தாங்கியின் ரெண்டு காலையும் மண்ணில் புதைத்து, ஆளுக்கொரு செங்கல் வைத்து அமுக்கினார்கள். நாச்சிமுத்து படுத்து முதல் குண்டைச் சுட்டார். பலூனுக்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளிப் பலகையில் ஓட்டை விழுந்தது.

"கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க மாமா," என்று மருதாசலமே சொன்னான்.

"அசைக்கக் கூடாதுன்னு ஏட்டய்யா சொல்லியிருக்காரு," என்று நாச்சிமுத்து ரெண்டாவது குண்டைச் சுட்டார். அதே ஓட்டை. மூணாவதும் அதே ஓட்டை. ஒன்பது குண்டும் அந்த ஒரே ஓட்டைக்குள் போயின. ரங்கநாதன் ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இன்னும் ஒரே ஒரு குண்டு. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அருணாசலம் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது சென்னியப்பன் கேட்டார். "ஏட்டய்யா, துப்பாக்கியத்தானுங்க அசைக்கக் கூடாதுன்னீங்க. பலூனை அசைக்கலாமுங்களா?"

ஏட்டு மருதாசலத்தைத் திரும்பிப் பார்த்தார். மருதாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நவுத்திக்கட்டும் உடுங்கய்யா! எங்க மாமன் சுடறதுக்குப் பலூனைத் தேருல வெச்சு இழுத்தாலும் படாது!"

சென்னியப்பன் போய்ப் பலூனை அவிழ்த்து, அந்த ஓட்டையின் மேலேயே கட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ஏட்டு விசில் ஊதினார். நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

படார்!

மைதானமே எழுந்து நின்றது. நாலு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நாச்சிமுத்து மீசையை முறுக்கினார், சந்தோசத்தில் அழுதார், மறுபடியும் முறுக்கினார். மருதாசலம் பின்பக்கமாக நழுவிப்போய் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

அப்புறம்தான் அவர்கள் அருணாசலத்தைப் பார்த்தார்கள். அவர் கிண்ணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பண்டிகையும் அதுவுமா கடையச் சாத்திட்டு வந்திருக்காரு. வேலை குடுக்காம அனுப்பறது நம்ம சங்கத்துக்கு அழகுங்களா?" என்றார் அர்த்தநாரி.

"பரவால்லீங்க," என்றார் அருணாசலம்.

"என்ர மீசைய எடுத்துக்கட்டுமுங்க," என்றார் சென்னியப்பன் பெருந்தன்மையாக.

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். "அவரை வரவழைச்சது என் மீசைக்கு. வேற மீசையக் குடுத்தா மரியாதையா இருக்காது." சொல்லிவிட்டு, வெற்றி பெற்ற கம்பீரத்தோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அருணாசலம் எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை.

சாயங்காலம் குடையோடு வீட்டு வாசலில் வந்து நின்ற நாச்சிமுத்துவை மனைவி பாவாயி ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மீசை இல்லாத முகத்தை அவர் பார்த்ததில்லை.

"ஆருங்க நீங்க? எங்க ஊட்டுக்காரரு பலூன் சுடப் போயிருக்காரு. இன்னும் வரலீங்க."

"இன்னுமா வரலே?" நாச்சிமுத்துவுக்கு திக்கென்றது.

"தோத்திருப்பாரு. மீசையில்லாத மூஞ்சியோட எப்பிடி ஊட்டுக்குப் போறதுன்னு எங்கியாச்சும் சுத்திக்கிட்டிருப்பாரு, பாவம்."

"ஐயோ, இல்லீங்க! ஜெயிச்சுட்டாருங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

பாவாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல சேதி கொண்டுவந்த மனுசருக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, "பஸ் ஸ்டாப் பக்கம் பாத்தீங்கன்னா சீக்கிரம் வரச் சொல்லுங்க," என்று அனுப்பிவைத்தார்.

நாச்சிமுத்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அங்கே சங்கத்தார் மூவரும் இருந்தார்கள். விசயத்தைச் சொன்னதும் அவர்களுக்கும் கவலை பிடித்துக்கொண்டது.

"ஜெயிச்ச அன்னைக்குக் கூட நேரத்துக்கு ஊட்டுக்கு வராம என்னுங்க மனுசன் இவரு," என்று நாச்சிமுத்து கோபமாகக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டவுன் பஸ் வந்து நின்றது. மாரப்பன் இன்னும் பிரிக்காத விரல் வளையத்தைக் கண்ணில் வைத்து, இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி ஆளும் இறங்கி, பஸ் கிளம்பிப் போனது.

மாரப்பன் வருத்தத்தோடு திரும்பினார்.

"இந்த பஸ்ஸுலயும் தலைவர் வரலீங்க, தலைவரே."