கால் நாழிகையில் கிடைத்த ராஜ்ஜியம்

நெடுங்கரை நாட்டு ராஜா மருதவாணருக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசை வந்தது. அந்தக் காலத்து ராஜாவுக்கு ஏது வெப்சைட் என்று கேட்காதீர்கள். ராஜாவின் ஆசை காலம் பார்த்தா வரும்?

ஓலை எழுதும் ராயசம் திருமேனி அதை அரை நாளில் முடித்துவிட்டார். வெப்சைட் கட்டிக்கொள்ளச் சுளுவுக் கடை என்று ஒன்று, கணினிக்குள்ளேயே. அங்கே மாளிகை, சிங்காதனம், யானை எல்லாம் தயாராக இருக்கும். பெயரைப் போட வேண்டியதுதான் பாக்கி, மற்றதெல்லாம் ஒரே தட்டில் ஆகிவிடும் என்றார். செலவும் இல்லை.

சபையே கைதட்டியது. வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன சொக்கையா மட்டும் தட்டவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில் கடைசி அதிரசத்தை எடுத்துத் தின்றவர் இந்தத் திருமேனி. ஒரு அதிரசத்துக்காக யாராவது ஒன்பது வருஷம் கறுவுவார்களா என்றால், சொக்கையா கறுவினார்.

"இதில் ஒரு குறை இருக்கிறது, மகாராஜா!"

"என்ன குறை?"

"அது... இருக்கிறது."

சபை சிரித்தது. ராஜாவுக்குக் கோபம். "நாளைக்குள் அதைக் காட்டும். இல்லாவிட்டால் என் வலப்பக்கத்து ஆசனத்தைத் திருமேனிக்கு விட்டுவிடும்."

வீட்டுக்குப் போன சொக்கையா சுளுவுக் கடையைத் திறந்தார். குறை பிடிக்கத்தான் திறந்தார். ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் தூண் வந்தது. இன்னொரு தட்டுக்கு யானை வந்தது. மனிதர் மயங்கிவிட்டார். கால் நாழிகையில் அவர் பெயரிலேயே ஒரு வெப்சைட் எழும்பி நின்றது. பெருமையாக மனைவி பேச்சியம்மாளிடம் காட்டினார்.

"ஒழுகுகிற வீட்டுக்கு இத்தனை தூணா?" என்றாள் அவள். "அது கிடக்கட்டும். உங்கள் பேருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?"

பொன் எழுத்தில் 'மகாராஜா' என்று இருந்தது! பதறிப்போய் அழித்தார். அழியவில்லை.

மறுநாள் அது திருமேனியின் கண்ணில் பட்டுவிட்டது; கணினியைச் சபைக்கே தூக்கி வந்துவிட்டார். "பாருங்கள் மகாராஜா! குறை சொன்ன வாய், அதே கடையில் குடியேறியிருக்கிறது. போதாததற்கு மகாராஜா பட்டம் வேறு! இது ராஜத் துரோகம்!"

ராஜாவின் மீசை துடித்தது. சொக்கையாவுக்குக் கழுத்தில் அரிப்பெடுத்தது. ஆசனம் போனால் போகிறது, தலை நின்றால் போதும் என்றாகிவிட்டது.

"மகாராஜா, பட்டம் சூட்டியவன் கடைக்காரன். அச்சிலேயே வந்த எழுத்து. நேற்றிலிருந்து அழிக்கிறேன், போகமாட்டேன் என்கிறது. எல்லாம் ஒரே தட்டில் ஆகும் என்றாரே ராயசம்? அவரே அழிக்கட்டும்."

"இது என்ன பெரிய வித்தையா?" என்று திருமேனி தட்டினார். 'இதை மாற்ற மேல்தரச் சந்தா கட்டவும்' என்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதுவே வந்தது.

"சிங்காதனத்தையாவது எடுமய்யா!" என்றார் ராஜா.

"எடுத்தால் கூரையும் சேர்ந்து போகிறது, மகாராஜா."

"அப்படியானால் அவர் பக்கத்தை மூடித் தொலையும்!"

"மூடுகிற பொத்தானைத்தான் தேடுகிறேன்."

"சரி, என்னுடையதையாவது அங்கிருந்து அள்ளி அரண்மனைக்குக் கொண்டுவாரும்!"

திருமேனி கணினியிலிருந்து கையை எடுத்தார். "உள்ளே போகத்தான் வழி வைத்திருக்கிறான், மகாராஜா. வெளியே வர வைக்கவில்லை."

ராஜா எழுந்தே விட்டார். "அதே யானை, அதே சிங்காதனம், அதே பட்டம்! ஒரு நாட்டுக்கு இரண்டு ராஜாவா, சொக்கையா?"

"இல்லவே இல்லை, மகாராஜா. ராஜா ஒருவர்தான். இரண்டு பக்கத்திலும் அடியில் பொடி எழுத்தைப் பாருங்கள்."

ராஜா குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். இரண்டிலும் ஒரே வரி: 'இங்குள்ள யாவும் சுளுவுக் கடைக்கே சொந்தம்.'

"அந்தக் கடைக்காரர்தான் ராஜா," என்றார் சொக்கையா. "நாம் இரண்டு பேரும் அவரிடம் குடக்கூலிக்கு இருக்கிறோம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சொக்கையாவுக்குப் போட்டார். வலப்பக்கத்து ஆசனத்தைத் தட்டிக் காட்டி, "உட்காரும். சபையில் ஒருவர் கண்ணிலும் படாத குறையை நீர் எப்படியய்யா கண்டுபிடித்தீர்?" என்று கேட்டார்.

"எங்கே கண்டுபிடித்தேன், மகாராஜா?" என்றார் சொக்கையா. "நானே போய் அதில் விழுந்தேன்."